மரபும் மருந்தளவும்: நோட்ரிப்டிலின் ஆய்வு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

உளச்சோர்வுக்கு ஒரே மருந்தை ஒரே அளவிற் பெறுவோருள் சிலர் தேறுவதும் சிலர் தேறாதிருப்பதும் நோயாளியின் மனப்பாங்கினால் மட்டும் விளைவன அல்ல. இதற்கான வலுவான சான்று 1969இலேயே சுவீடனிற் கிடைத்துவிட்டது. அலெக்சாண்டர்சன், எவான்சு, சோக்விஸ்ற் ஆகிய மூவரும் இரட்டையர்க்கு நோட்ரிப்டிலினை உடல் நிறைக்கேற்ப ஒரே விகிதத்திற் கொடுத்துக் குருதியில் அதன் செறிவை அளந்தனர். ஒருகரு இரட்டையரிடையே செறிவு ஒத்திருந்தது. இருகரு இரட்டையரிடையே வேறுபட்டது. வேறு மருந்துகளையும் உட்கொண்ட ஒருகரு இரட்டையரிடம் இவ்வொப்புமை குலைந்தமையையும் அவர்கள் மறைத்திலர். ஆய்வின் நேர்மைக்கு இதனையே நாம் சான்றாகக் கொள்வோம். எனினும், குருதிச் செறிவு வேறு, நோய் தீர்தல் வேறு.

மருந்தைச் சிதைக்கும் ஈரல் நொதியமொன்றின் மரபுவழி வேறுபாடு 1977இல் இலண்டனில், டெப்ரிசொக்குயின் என்னும் குருதியமுக்க மருந்தின் வாயிலாக வெளிப்பட்டது. நோட்ரிப்டிலினைச் சிதைப்பதும் அந்நொதியமே. 1985இல் சுவீடன் ஆய்வாளர் பேட்டில்சன் குழுவினர் ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதினர். பிறர்க்கு நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் அளவிற் போதுமாயிருக்க, அவருக்கு 300 முதல் 500 மில்லிகிராம் வரை வேண்டியிருந்தது. குருதியை அளவாதிருப்பின், மாத்திரையை விழுங்காது ஒளிப்பவர் என்றே அவர் ஐயுறப்பட்டிருப்பார் என நாம் கருதுகின்றோம். அந்நொதியத்துக்குரிய பரம்பரையலகு அவரிடம் வழக்கத்தினும் மிகுந்த படிகளாய் அமைந்திருந்தமை 1993இல் அறியப்பட்டது.