தகரச் சீட்டும் வன்தட்டும்

இலங்கையின் மத்திய மலைநாடு தென்மேற்கே சரிந்து, களனி கங்கையும் களு கங்கையும் பாயும் பள்ளத்தாக்குகளில் வந்து அமைகின்ற நிலப்பகுதியே சப்பிரகமுவ மாகாணமாகும். கேகாலை, இரத்தினபுரி என்னும் இரு மாவட்டங்கள் இதன்கண் உள்ளன. மாணிக்கக் கற்களாற் புகழ்பெற்ற இம்மாகாணத்தின் குன்றுகளிலே தேயிலையையும் இறப்பரையும் நட்டு வளர்த்தோருட் பெரும்பாலார் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளராவர். நுவரெலியா, பதுளைப் பகுதித் தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவை பல. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவையோ மிகச் சில. சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே தோட்டங்கள் சிதறிக் கிடந்தமையின், அங்கு வாழ்ந்த தமிழ் மக்களின் ஆவணங்களும் சிதறியே கிடந்தன.

அவ்வாவணங்கள் இக்காலத்திற் கணினியை நாடியுள்ளன. குடும்பப் பத்திரங்களின் படிமங்கள், கோயிற் கணக்குகள், பாடசாலை மலர்கள், தொழிற்சங்கக் கடிதங்கள் என்பன கணினிக்குப் புறத்தே இணைக்கப்படும் வன்தட்டுப் பேழைகளில் வைத்துப் பேணப்படுதல் வழக்கமாயிற்று. எனினும், பதினைந்து அல்லது இருபது ஆண்டுகட்கு முன் நிரப்பப்பட்ட பேழையொன்றைப் புதிய கணினியோடு பொருத்த முயல்வோர் பலர், உள்ளிருப்பவற்றைக் காணமாட்டாது திகைக்கின்றனர். இது பொறிவல்லாரின் கவலை மட்டுமே என எண்ணுதல் தவறு. எழுதிவைத்த பொருள் அழியாதிருக்க, அதனைப் படிக்கும் வழி மட்டும் அழிந்துபோதல் சப்பிரகமுவத் தோட்டங்களுக்குப் புதிதன்று.

முதற்கண் தகரச் சீட்டினை நோக்குக. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் சிறியதொரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதனை அவர் நூலிற் கோத்துக் கழுத்தில் அணிந்தார். அவர் செல்லும் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் அவருக்குரிய எண்ணும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வில்லையைக் காட்டினார் வழியிற் பணம் கொடாது பயணஞ் செய்யலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பேரும் ஊரும் உறவும் உடைய ஒரு மனிதனை இரண்டு மூன்று எண்களாகச் சுருக்கிய ஏற்பாடு இது. அதன் கொடுமை ஒருபுறமிருக்க, ஆவண முறை என்ற அளவில் அது நுணுக்கமானதே என்பதை மறுத்தற்கில்லை.

தகரம் நெடுநாள் நிற்கும் பொருள். துருவேறாது காக்கப்பட்ட வில்லையின் எண்களை இன்றும் கண்ணாற் காணலாம். ஆனால், இன்ன எண் இன்ன தோட்டம், இன்ன ஆள் எனக் கூறுவது வில்லையன்று, அதற்குரிய பதிவேடு. ஏடு இழந்த வில்லை வெறுந் தகரமே. பிற்காலத்து வன்தட்டின் துன்பம் முழுவதும் இவ்வொரு செய்தியில் அடங்கியிருக்கின்றது எனலாம். தட்டில் உள்ளனவும் எண்களே. அவற்றுக்குப் பொருள் கூறும் ஏடு வேறோரிடத்தில் இருக்கின்றது.

இனிப் புகையிரதப் பாதையைக் காண்க. களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1902 இல் அவிசாவளையையும், 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. இதன் தண்டவாளங்களுக்கிடையே இருந்த அகலம் 2 அடி 6 அங்குலம். கொழும்பிலிருந்து கண்டிக்கும் பதுளைக்கும் சென்ற பெரும் பாதையின் அகலமோ 5 அடி 6 அங்குலம். ஆதலின், இரத்தினபுரித் தேயிலைப் பெட்டியை ஏற்றிய பெட்டிவண்டி கொழும்பை அடைந்த பின் பெரும் பாதையில் ஓடமாட்டாது. சரக்குப் பழுதுற்றதன்று, சில்லுகளே பொருந்தவில்லை. சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றுதற்கு இரு பாதைகளும் அருகருகே வந்து நிற்கும் முற்றமொன்று வேண்டியதாயிற்று. அவிசாவளைக்கு அப்பாற் சென்ற சிறு பாதை 1970 களுக்குள் மறைந்தொழிந்தது. எஞ்சிய பகுதி 1990 களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. மாற்றத்தின் பின் சிறு பாதை வண்டிகளுக்கு ஓட இடமில்லாது போயிற்று. அவற்றுட் சிலவற்றை இன்று கடுகண்ணாவைப் புகையிரத நூதனசாலையிலே காணலாம்.

ஆவணத்தைப் படிக்க இயலாமை எத்துணைக் கேடு தரும் என்பதற்குச் சான்று குடியுரிமை வரலாறு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் இடையறாது வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், 8 இலட்சத்திற்கு மேற்பட்டோருக்காகச் செய்யப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். மறுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் பல. எனினும், எழுத்தறியாத ஒரு தொழிலாளி தன் இருபதாண்டு வாழ்வைத் தாளாலே நிறுவ வேண்டியிருந்தமை அவற்றுள் முதன்மையானது. அவன் கையில் இருந்தது சிறிது. செக்ரோல் ஏடும் பிறப்புப் பதிவும் தோட்டத்து ஆப்பீசில், துரையின் பெட்டகத்தினுள் இருந்தன.

1964 ஒக்டோபர் 30 இல் எழுந்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் எதிர்காலத்தை எண்ணிக்கையாற் பிரித்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் அந்நாளையே எல்லையாகக் கொண்டது: 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வமிசாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதன் பயனை எய்தினர். இங்ஙனம் ஒரு தலைமுறையின் பழந்தாள் மறு தலைமுறையின் உரிமையாயிற்று. இடையிலே தோட்டங்கள் கைமாறின. 1972 இலும் 1975 இலும் நிலச்சீர்திருத்தத்தால் அவை அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கை மாறுந்தோறும் ஏடுகள் ஓரறையிலிருந்து மற்றோரறைக்குச் சென்றன. எல்லாம் சென்றடைந்தன எனக் கொள்ள இடமில்லை. இயற்கையும் தன் பங்கைச் செய்தது. 2003 மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியை அலைத்தன. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டிய, களுபஹனத் தோட்டத்து லயங்களின்மீது மண் சரிந்தது. தாளுக்கு இத்தகைய ஊழ் நேருமிடத்து, படிமம் எடுத்து வன்தட்டில் வைப்போம் என மக்கள் கருதுதல் இயல்பே. அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. வைத்தபின் அதனை மறந்துவிடுதலே குற்றம்.

வன்தட்டுகள் ஏன் மறதியைப் பொறா? அவற்றின் வரலாறு மிகக் குறுகியது. 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு இயந்திரம், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டு, 50 இலட்சம் எழுத்துக்களை மட்டுமே தாங்கியது. அதன் பின், பொருத்துவாய் வகைகள் ஒன்றையொன்று வேகமாக வென்றன. 1994 இல் வந்த ஸிப் பேழைகளுட் பல, அச்சியந்திரத்துக்குரிய அகன்ற வாயிற் பொருத்தப்பட்டவை. அவ்வாய் இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளில் இல்லை. 1996 இல் யூ.எஸ்.பி. பிறந்தது, 2000 இல் அதன் இரண்டாம் பதிப்பும், 2008 இல் மூன்றாம் பதிப்பும், 2014 இல் இருபுறமும் ஒத்த சிறிய சீ வடிவ வாயும் தோன்றின. நெகிழ்தட்டு வாயில்லாத ஐமாக் கணினி 1998 இல் வெளிவந்தபோது நகைத்தோர் பலர். 2011 மார்ச்சில் சோனி நிறுவனம் நெகிழ்தட்டு விற்பனையையே நிறுத்தியது. தகரச் சீட்டும் சிறு பாதையும் தேயப் பல பதிற்றாண்டுகள் ஆயின. இங்கே ஒரு பதிற்றாண்டு போதுமாயிற்று.

வாய் பொருந்தாமை எளிய நோய். விலை மலிந்த இணைப்பி அதனைத் தீர்க்கும். இணைப்பியும் கிடையாதாயின், பழைய வாயும் யூ.எஸ்.பி. வாயும் ஒருங்கே உள்ள, 2000 களின் நடுப்பகுதியைச் சேர்ந்த கணினியொன்றை இடைநிலையாகக் கொள்ளுதல் வேண்டும். இரு பாதைகளும் வந்து நின்ற கொழும்பு முற்றம் செய்த வேலையை அது செய்யும். மின்வலிமைக் குறை அடுத்தது. இரண்டாம் பதிப்பு யூ.எஸ்.பி. வாய் நெறிப்படி வழங்குவது 500 மில்லி அம்பியர் மட்டுமே. பழைய சிறு வன்தட்டுகளுட் சில சுழலத் தொடங்குங்கணத்தில் அதனிலும் மிகுதியாக வேண்டுவன. ஆகையால் இரு வாய்களிலிருந்து மின் பெறும் கவைக்கம்பியுடன் விற்கப்பட்டன. அக்கம்பி தொலைந்தவிடத்து, தட்டு மெல்லென ஒலித்து நின்றுவிடும். உடையவர் அது இறந்ததெனக் கைவிடுவர். பெரிய பேழைகள் 12 வோல்ற்று மின்வழங்கியை வேண்டுவன. மடிக்கணினிக்குரிய 19 வோல்ற்று வழங்கியின் முனையும் சிலபோது அதிற் செவ்வனே நுழையும். நுழைந்தால் மின்சுற்று எரியும். பேழையை உடைத்துத் தட்டை மட்டும் வெளியே எடுப்பதும் எக்காலும் நன்றன்று. சில பேழைகளின் உள்ளிருக்கும் சிறு மின்சுற்று, எழுதும்போதே யாவற்றையும் மறைகுறியாக்குவது. அதனைப் பிரிந்த தட்டு வேற்றுக் கணினிக்கு வெறுமையாகவே தோன்றும்.

இவை யாவற்றினும் கொடியது, புதிய கணினி பணிவுடன் வினவும் ஒரு வினா. தட்டு சுழல்கின்றது, ஆயினும் அதன் கோப்பு முறைமையைக் கணினி அறியாது. அறியேன் என்று கூறுதற்குப் பதிலாக, தட்டை வடிவமைக்கவா என்று அது கேட்கும். ஆமென்று விடையளித்தால், எது எங்கே உளது எனக் கூறும் அட்டவணை நீங்கி வெற்றட்டவணை அதனிடத்தில் எழுதப்படும். இது தகரச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதிவேட்டை எரிப்பதனை ஒக்கும். 1985 இல் அப்பிள் நிறுவனம் வகுத்த கோப்பு முறைமையை அந்நிறுவனத்தின் கணினிகளே 2019 இன் பதிப்பிலிருந்து படிப்பதில்லை. ஆகவே, வினாவுக்கு மறுப்பு விடையளித்து, அம்முறைமையை அறிந்த பழைய கணினியையோ மென்பொருளையோ தேடிக்கொள்ளுதலே அறிவுடைமை. தட்டின் எண்களை முதலிலிருந்து முடிவுவரை அப்படியே ஒரே படியாக எடுத்து, பின் அப்படியிலேயே ஆராய்வது பேணுநரின் முறை. மூலத்தில் ஒரு புள்ளியும் எழுதலாகாது.

செல்வமிக்க நாடுகளும் இவ்விடரினின்று தப்பியதில்லை. 1086 இல் இங்கிலாந்து மன்னன் உவில்லியம் செய்வித்த நிலக்கணக்கு நூல் இன்றும் இலண்டனிலே படிக்கத்தக்க நிலையிற் காக்கப்படுகின்றது. அதன் 900 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986 இல் பி.பி.சி. நிறுவனம், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் பங்களிப்புடன், புதியதொரு நாட்டுக்கணக்கைத் தொகுத்து லேசர் தட்டுகளிற் பதித்தது. பதினாறு ஆண்டுகளில் அவற்றைப் படிக்கும் இயந்திரங்கள் அரியனவாயின. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருளொன்றை இயற்றியே அதனை மீட்க வேண்டியதாயிற்று. தோற்றாள் வென்றது, லேசர் தோற்றது என ஏளனஞ் செய்தல் எளிது. ஆனால், அத்தோற்றாளையும் ஒன்பது நூற்றாண்டாக ஊழியர் இடையறாது காத்துவந்தனர் என்பதை மறத்தல் கூடாது.

தமிழ் ஆவணத்துக்கு இவற்றோடு அமையாத தடையொன்றும் உண்டு. தட்டுத் திறந்து, கோப்பும் திறந்தபின், எழுத்துத் திறவாது. இலங்கையிலே நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்யப்பட்டது. அது ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த முறை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். ஒருங்குறி வழக்குக்கு வந்தபின் இத்தகைய கோப்புகள் யாவும் மாற்றப்பட வேண்டியனவாயின. 1998 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், முன்பு வேறு குறியீடுகளில் இட்ட தமிழ் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி வெளியிட்டமை இவ்வகையில் முன்மாதிரியாகும். அவர்கள் புத்தகத்தை இருமுறை பதிப்பித்தனர் எனின் மிகையாகாது.

எழுத்து மாற்றும் மென்பொருள்கள் இன்று இலவசமாகக் கிடைப்பினும், அவை பெயர்களைத் திருத்தா. தோட்டத்துப் பெயர்களோ முன்பே சிதைந்தவை. ஒரே பெண் செக்ரோலில் ராமாயி, பிறப்புப் பதிவில் இராமாய், பாடசாலை இடாப்பில் இராமாயம்மாள் என மூவராய் நிற்றல் கூடும். கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதியதைப் பிள்ளை தமிழிற் பெயர்த்து, அதனைப் பாமினியிற் பொறித்து, அது மீண்டும் ஒருங்குறியாக மாறும்போது நான்காவது உருவம் பிறத்தலும் கூடும். மூவரும் ஒருவரே எனக் கூறவல்லார் அந்த லயத்தில் வாழ்ந்த முதியோரும், பிரட்டுக்களத்திலே பேர் கூப்பிட்ட ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைமாருமே. ஆதலால், மாற்றிய கோப்பை அச்சிட்டு அவர்முன் வைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் கூறும் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் ஆண்டையும் ஒவ்வொரு பெயரின் எதிரிலும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வெழுத்துப் படியை வன்தட்டோடு ஒரே பெட்டியில் வைத்தல் தகும்.