குடைக்கு உண்டு தன் வரலாறு

'தன் வரலாறு கூறுதல்' என்று ஒரு கட்டுரை வகை பள்ளித் தமிழ்ப் பாடத்தில் உண்டு. ஆறு பேசும், மரம் பேசும், கிழிந்த குடை பேசும். எழுதுகிற பிள்ளை மட்டும் பேசாது. பிள்ளை பேச வேண்டுமென்றால் 'நான் சென்ற சுற்றுலா'தான்.

தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்றால் குற்றாலம். ஏழாம் வகுப்பில் நானும் எழுதினேன். சீசனுக்கு அம்மாவோடு அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போனதை எழுதினேன். வாத்தியார் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, 'தலைப்பை ஒட்டி எழுதவும்' என்று போட்டார். பத்துக்கு மூன்று. அவர் கெட்டவர் இல்லை. முன்னுரை, முடிவுரை, கையெழுத்து, மேற்கோள் எல்லாவற்றுக்கும் அவரிடம் மதிப்பெண் இருந்தது. அம்மாவுக்கு இல்லை. 1934இல் ஹரிஜன யாத்திரையில் வந்த காந்தி, தாழ்த்தப்பட்டோருக்கு அனுமதி இல்லை என்று தெரிந்து அந்த அருவியில் குளிக்காமல் போனார் என்பதும் எந்த மாதிரிக் கட்டுரையிலும் இருக்காது.

வேறு விதமாகத் திருத்திய ஆசிரியர்களும் இருந்திருக்கிறார்கள், தோழர்களே. புனேயில் ஜோதிராவ், சாவித்திரிபாய் புலே நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய்க்கு வயது 14. மாங் சாதிப் பெண். மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் இரண்டு பகுதிகளாக அச்சானது. பேஷ்வா ஆட்சியில் தன் மக்கள் பட்டதை எழுதுகிறாள். கூரையில்லாமல் மழையில் பிள்ளை பெறும் பெண்களை எழுதுகிறாள். அதோடு நிற்கவில்லை. வேதம் பிராமணருக்கே சொந்தம் என்றால், வேதம் இல்லாத நாங்கள் எந்த மதம் என்று கேட்கிறாள். அழுகையோடு வாதமும் இருக்கிறது. அந்த வாதத்துக்குப் பள்ளியில் இடம் இருந்தது.

நம் இரட்டைமலை சீனிவாசனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் படிக்கையில் சுமார் நானூறு மாணவரில் பத்துப் பேர் தவிர எல்லாரும் பிராமணர். பழகினால் சாதியைக் கேட்பார்களே என்று பயந்து, வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார்; மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். சாயங்காலம் யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். இது 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் இருக்கிறது. நூல் வந்தது 1939இல், அவர் எண்பதை ஒட்டிய வயதில். ஒரு பள்ளிப் பிள்ளையின் கட்டுரை வெளிவர அத்தனை வருஷம்!

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அதன் பேச்சுத்தமிழைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இன்று அது கல்லூரிப் பாடம். அந்த நடையை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை தேர்வில் எழுதினால் எத்தனை சுழி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

2022 செப்டம்பரில் நம் மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்தார் ஒரு கடைக்காரர். வீடியோ பரவி, கைதும் ஆனார். அதில் ஒரு சிறுவன், என்ன கட்டுப்பாடு என்று திருப்பிக் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

மாலைநேர மையங்களில் பாடம் எடுக்கிற நம்மிடமும் ஒரு கோளாறு உண்டு. பிள்ளை தன் கதை எழுதினாலே அதில் காயத்தைத் தேடுகிறோம். பெரிய காயத்துக்கு முதல் பரிசு கொடுத்து, மேடையேற்றி வாசிக்க வைக்கிறோம். அந்தப் பிள்ளை மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். அவளைக் கேட்காமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. பிழையைக் கடைசியில் திருத்தலாம், ஓடிவிடாது. முதலில் வாசித்தவராக ஒரு கேள்வி எழுதுங்கள்.

போன சீசனில் எங்கள் மையத்துச் சிறுமி ஒருத்தி ஐந்தருவி போனதை எழுதினாள். சாதி என்ற பேச்சே இல்லை. தண்ணீரில் செருப்பு போய்விட்டது, தம்பி சிரித்தான், அவ்வளவுதான். மதிப்பெண் போடாமல், 'செருப்பில்லாமல் வீடுவரை எப்படி வந்தாய்?' என்று கீழே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.