கூட்டலில் ‘மீதி’: பேரெண் கற்பித்தலில் ஒரு கலைச்சொல்லின் வரலாறு

45உடன் 78ஐக் கூட்டும் சிறுவனுக்குத் தமிழ்நாட்டு வகுப்பறையில் பெரிதும் சொல்லப்பட்டு வரும் தொடர் இது: ‘ஐந்தும் எட்டும் பதின்மூன்று, மூன்றை எழுது, மீதி ஒன்று.’ இத்தொடரில் மீதி என்னும் சொல்லின் ஆட்சி நோக்கத்தக்கது. 13ஐப் 10ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 3. கூட்டலில் அந்த 3 எழுதப்பட்டுவிடுகிறது. நிறைவுற்ற ஒரு பத்தாகிய ஈவே மீதி எனப் பெயர் பெறுகிறது. கழித்தலில் எஞ்சுவதும் மீதிதான். ஆக, ஒரே சொல் மூன்று செயல்களில் வழங்குகிறது. அவற்றுள் ஒன்றில் பொருள் தலைகீழாகிறது. 45உம் 78உம் சேர்ந்து 1113 என எழுதும் பிள்ளையின் பிழையைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது எளிது. அப்பிள்ளைக்குக் கிடைத்த சொல் பிழையைத் தடுக்கும் ஆற்றல் உடையதா என்பது மொழியியலார் கேட்க வேண்டிய வினா.

பழந்தமிழ் எண் எழுத்துமுறையில் இச்சிக்கலுக்கு இடமே இல்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக் குறிகள் இருந்தன. 2,345 என்பது ௨௲௩௱௪௰௫ என எழுதப்பட்டது. வாயால் சொல்லும் வரிசையிலேயே கை எழுதியது. அலகின் பெயர் எழுத்திலும் நின்றது. 4,023 என்பது ௪௲௨௰௩. நூறு இல்லையெனில் நூறு சொல்லப்படுவதில்லை, எழுதப்படுவதுமில்லை. சுழிக்குத் தேவை எழவில்லை.

திண்ணைப்பள்ளி மாணவன் மணலில் விரலால் எழுதிப் பழகினான். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ பணித்த பள்ளிக் கணக்கெடுப்புக்கு விடையாகப் பல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இம்மணல் எழுத்தை விவரிக்கிறது. 1826இல் மன்றோ தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். தமிழ்ப் பகுதிகளில் பிள்ளைகள் மனனம் செய்தவை எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் முதலியன. சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வர்.

இவ்வாய்பாடுகளின் அமைப்பை உற்று நோக்கினால் கூட்டலே அவற்றின் உயிர்நாடி என்பது விளங்கும். இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா கால். நெல்லளவையில் எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஒரு குறுணி ஆறு நாழியோடு ஐந்து நாழியைச் சேர்க்கும் பிள்ளை பதினொரு நாழி பெறுகிறான். அது ஒரு குறுணி மூன்று நாழி ஆகிறது. முன்னிருந்த குறுணியும் இதுவும் கூடிப் பதக்கு ஆகின்றன. விடை ஒரு பதக்கு மூன்று நாழி. அடுத்த நிலைக்கு ஏறும்போதெல்லாம் அளவு தன் பெயரை மாற்றிக்கொள்கிறது. எஞ்சுவது நாழி, ஏறுவது குறுணி. இரண்டையும் குழப்ப வழியில்லை.

எனினும் இம்முறையைப் பொற்காலமாகக் காண்பது பொருந்தாது. நீண்ட பெருக்கலுக்கும் பலவரிக் கூட்டலுக்கும் எழுத்து உதவவில்லை. சுமை முழுவதும் நினைவின்மேல் இருந்தது. அடியும் உதையும் அந்நினைவுப் பயிற்சியின் பகுதிகளாக இருந்ததை மறுப்பதற்கில்லை.

1825இல் அச்சான ‘கணித தீபிகை’ தமிழ் எண்களோடு சுழியைச் சேர்த்து இடமதிப்பு முறையில் எழுதக் கற்பித்தது. (அச்சுழி ஒருங்குறியில் இடம்பெற 2005 வரை காத்திருக்க நேர்ந்தது தனிக்கதை.) பின்னர் அரசுப் பள்ளிகளிலும் சமயப் பரப்புநர் பள்ளிகளிலும் பலகையும் அச்சுநூலும் பரவ, ௰, ௱, ௲ ஆகியவை வழக்கொழிந்தன. அலகின் பெயர் எழுத்திலிருந்து நீங்கியது. இடம் மட்டும் எஞ்சியது. பேச்சு மாறவில்லை. இப்பிளவுதான் கூட்டல் கற்பித்தலுக்குப் புதிய சொல் ஒன்றைத் தேவையாக்கியது எனலாம்.

பேச்சுவழி கூட்டுவோர் பெரிய அலகிலிருந்தே தொடங்குவர். 2,345உடன் 1,678 சேர்க்க: மூவாயிரம், முந்நூறும் அறுநூறும் தொள்ளாயிரம், நாற்பதும் எழுபதும் நூற்றுப்பத்து, தொள்ளாயிரத்தோடு நூறு சேர ஆயிரம், ஆகவே நாலாயிரம், எஞ்சிய பத்தோடு பதின்மூன்று சேர இருபத்து மூன்று. விடை நாலாயிரத்து இருபத்து மூன்று. பாஸ்கரரின் ‘லீலாவதி’ (1150) ஒன்றின் இடத்திலிருந்தும் தொடங்கலாம், மேலிடத்திலிருந்தும் தொடங்கலாம் என இருவழியும் ஏற்கிறது. புழுதிப் பலகையில் எழுதியதை விரலால் அழித்துத் திருத்த முடிந்தமையால் இரண்டும் இயன்றன. தாளில் மையால் எழுதும்போது வலமிருந்து இடமாகச் செல்வதே சிக்கனம். பேச்சின் திசையும் எழுத்தின் திசையும் இங்கே முரண்பட்டன.

தமிழ் எண்ணுப்பெயர்களிலும் ஓர் இடர் உண்டு. தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் ஒலிக்கின்றன. ஒன்பதிலேயே பத்தின் சாயல் உள்ளது. தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியல் இவற்றை ஒன்பது என்பது பத்தோடும் நூறோடும் புணர்ந்த வடிவங்களாக விளக்குகிறது. ஒன்பதைக் குறித்த தொண்டு என்னும் பழஞ்சொல்லோடு இவற்றை இணைப்பதும் உண்டு. எவ்வாறாயினும், செவியால் கற்கும் பிள்ளைக்குத் தொள்ளாயிரம் ஆயிரத்தின் இனமாகவே கேட்கிறது. மலையாளம் இவ்விரு வடிவங்களையும் காத்துள்ளது. கன்னடம் ‘ஒம்பைநூறு’ என்றும், தெலுங்கு ‘தொம்மிதி வந்தலு’ என்றும் நூறை வெளிப்படையாக்கிவிட்டன. இந்தியில் சிக்கல் வேறிடத்தில்: நூறு வரையிலான பெயர்களைப் பெரும்பாலும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டும். அதனோடு ஒப்பிட, இருபத்து மூன்று, நாற்பத்தைந்து எனப் பகுக்கத்தக்க தமிழ்ப் பெயர்கள் பிள்ளைக்குத் துணையே.

ஏறும் எண்ணுக்கு இந்திய மொழிகள் இட்ட பெயர்கள் ஒப்பாய்வுக்கு உரியன. மராத்தியில் அது ‘ஹாத்சா’, கையிலுள்ளது. வங்கத்தில் ‘ஹாதே’, கையில். இந்தியில் ‘ஹாசில்’, பெறப்பட்டது. அரபு வழிவந்த சொல். கன்னடப் பாடநூல்கள் ‘தசக’ என்கின்றன; அதாவது பத்து. கையிலுள்ளது என்பது மாணவன் செய்வதைச் சொல்கிறது. பத்து என்பது எண்ணின் இயல்பைச் சொல்கிறது. தமிழின் மீதியோ இரண்டையும் சொல்லவில்லை. ஆயினும் கன்னடச் சொல்லிலும் குறை இல்லாமல் இல்லை. பத்தின் இடத்திலிருந்து நூறின் இடத்துக்கு ஏறுவது பத்துப் பத்துகள் சேர்ந்த ஒரு நூறு. அதையும் தசகம் என்றே சொல்லும்போது சொல் சற்று மங்குகிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதற்கு ‘இனமாற்றம்’ என்னும் சொல்லை வழங்குகின்றன. ஒன்றுகள் பத்தாக, பத்துகள் நூறாக இனம் மாறுவதை இது சரியாகவே சுட்டுகிறது. நாழி குறுணியாகும் பழைய கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. 1957 ஏப்ரலில் பதின்ம நாணயம் வரும்வரை பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பையை ஓர் அணாவாகவும் பதினாறு அணாவை ஒரு ரூபாயாகவும் மாற்றிக் கூட்டினர். இனம் மாறுவது அவர்கள் கண்முன் நிகழ்ந்தது. பதின்ம முறை கணக்கை எளிதாக்கியது. ஆனால் ஏற்றந்தோறும் ஒரே பத்து வந்தமையால், பெயரில்லாத வெறும் ஒன்றை மேலே எழுதும் பழக்கம் உறுதிப்பட்டது. இன்று இனமாற்றம் என்பது பாடத்தலைப்பில் நிற்கிறது. கணக்குப் போடும் வாயில் ‘மீதி ஒன்று’ தொடர்கிறது. தலைப்பைப் பெயர்த்தவர்கள் செயலுக்குரிய தொடரைத் தரவில்லை. ‘மூன்றை எழுது, ஒரு பத்து மேலே’ என்பது அசையளவில் நீண்டதன்று, அலகின் பெயரும் அதில் இருக்கிறது. அடுத்த இடத்தில் ‘ஒரு நூறு மேலே’ என மாறுவதால் கன்னடத்தில் கண்ட குறையும் நீங்கும்.

குச்சிக் கட்டுகளைக் கொண்டு பத்தையும் நூறையும் காட்டலாம். இலட்சத்தைக் காட்டும் கட்டு எந்த வகுப்பறையிலும் இல்லை. அங்கே சொல்லே கருவி. 99,999உடன் 1 சேரும்போது ஐந்து இடங்களிலும் இனம் மாறுகிறது. வடமொழிவழி வந்த இலட்சம் என்னும் பெயர் அதற்குக் கீழுள்ள எந்த அலகையும் நினைவூட்டுவதில்லை. பழந்தமிழில் இதே எண் நூறாயிரம். தொண்ணூற்றொன்பது ஆயிரத்தோடு ஓராயிரம் சேர்ந்தது என்பது பெயரிலேயே தெரிகிறது. மில்லியனைப் பத்து இலட்சம் எனப் பெயர்ப்போர் தமிழ்நாட்டு வாசகரை மனத்திற்கொள்கின்றனர். இலங்கைத் தமிழில் மில்லியன் இயல்பாக வழங்குகிறது. இலட்சத்தையும் மில்லியனையும் முதன்முறையாகச் சந்திக்கும் வகுப்பிலாவது, அவற்றின் அருகில் நூறாயிரம், ஆயிரமாயிரம் என்னும் வடிவங்களை ஒருமுறை எழுதிக் காட்டுவதற்குப் பாடநூலில் இடம் உண்டு.