இறுதி அறிக்கையை எழுதும் உரிமை

நல்கை பெற்று நடக்கிற ஆய்வுகளுக்கெல்லாம் கடைசியில் ஒரு சடங்கு உண்டு: இறுதி அறிக்கை. பல்கலைக்கழகத் திட்டமானாலும் தொண்டு நிறுவனத் திட்டமானாலும் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான். நோக்கம், முறையியல், கண்டறிந்தவை, பரிந்துரைகள். கூடவே பணம் செலவானதற்கு ஒரு பயன்பாட்டுச் சான்றிதழ். இதை வெறும் ஆபீஸ் காரியம் என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் ஊர் ஊராக அலைந்தவர் 'தகவல் திரட்டிய உதவியாளர்' ஆவதும், கையெழுத்துப் போடுகிறவர் 'ஆய்வாளர்' ஆவதும் இந்தப் பிரதிக்குள்தான் நடக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, இறுதி அறிக்கையே எழுதப்படாமல் போன ஒரு பெரிய திட்டத்தின் வரலாறு உதவும்.

காலின் மெக்கன்சி 1783-இல் சென்னைக்கு வந்த கம்பெனிப் படைப் பொறியாளர். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் மைசூர் நில அளவைப் பொறுப்பு அவருக்கு வந்தது. 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நில அளவைக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. அதோடு சேர்த்து நடத்திய சுவடி, கல்வெட்டு, ஊர் வரலாறு சேகரிப்புக்குப் பெரும்பகுதி அவருடைய கைக்காசு. எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணை எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். 1821-இல் செத்துப்போனார். அட்டவணை இல்லாமலே போச்சு. அவர் மனைவியிடமிருந்து சேகரிப்பைக் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. எச்.எச். வில்சன் 1828-இல் கல்கத்தாவில் வெளியிட்ட அட்டவணையின்படி, இலக்கியச் சுவடிகள் 1,568; ஊர் வரலாறுகள் 2,070; கல்வெட்டுப் படிகள் 8,076.

இவ்வளவையும் திரட்டியது யார்? மெக்கன்சிக்கு இந்த நாட்டு மொழி எதிலும் புலமை கிடையாது. காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா, நாராயண ராவ், நிட்டல நாயனா, சமணப் பண்டிதர் தர்மய்யா போன்றவர்கள்தான் அவருக்குக் கண்ணும் காதும். போரய்யா 1803-இல் இறந்தார். இந்திய அறிவுக்குள் நுழையத் தனக்கு வாசலைத் திறந்துவிட்டவர் அவரே என்று 1817-இல் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் மெக்கன்சி ஒப்புக்கொள்கிறார்.

இந்த உதவியாளர்கள் தங்கள் பயணங்களைப் பற்றி மாதாந்திர அறிக்கைகள் அனுப்பினார்கள். எந்த ஊருக்குப் போனோம், யாரைப் பார்த்தோம், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்கிற கணக்கு. வில்சன் அட்டவணையில் இவை கடிதங்கள், அறிக்கைகள் என்று தனிப்பிரிவாகவே வருகின்றன. மெக்கன்சி உயிரோடு இருந்து முறையான இறுதி அறிக்கை எழுதியிருந்தால், முன்னுரையில் இரண்டு வரி நன்றியோடு இவர்கள் கதை முடிந்திருக்கலாம். அறிக்கை எழுதப்படாததால்தான் இந்தக் கச்சாப் பிரதிகள் இன்றைக்கும் சேகரிப்பில் தலைகாட்டுகின்றன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். சேகரிப்பு வேலையைத் தொடர்ந்து செய்து முடிக்கத் தன்னை அனுமதிக்க வேண்டும் என்று லட்சுமய்யா விண்ணப்பித்தார். போரய்யா காலத்திலிருந்தே வேலையில் இருந்தவர்; அவரைவிட இந்தச் சுவடிகளை அறிந்தவர் யார்? விண்ணப்பம் வங்காள ஆசியச் சங்கத்தின் கருத்துக்குப் போனது. 1836-இல் அதன் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப் தீர்ப்புச் சொன்னார்: லட்சுமய்யா மட்டுமல்ல, எந்தச் சுதேசியுமே இப்பணிக்குப் போதுமானவர் அல்ல, துணையாட்களாக வேண்டுமானால் பயன்படலாம். வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போயிற்று.

தகுதி என்ற சொல் இங்கே எப்படி வேலை செய்கிறது பாருங்கள். சேகரிக்கவும், படிக்கவும், மொழிபெயர்க்கவும் சுதேசிக்குத் தகுதி உண்டு. 'இதன் பொருள் இது' என்று முடித்துச் சொல்லும் இடம் வந்தால் அந்தத் தகுதி ஆவியாகிவிடுகிறது. அறிவை உண்டாக்குவது ஒரு கை, அதற்கு உரிமை கொண்டாடுவது இன்னொரு கை. இரண்டையும் பிரிக்கிற கோடு இறுதி அறிக்கையின் கையெழுத்தில் விழுகிறது.

இதைச் சொல்லும்போது லட்சுமய்யாவைத் தியாகி ஆக்கிவிடக் கூடாது. காவலி சகோதரர்கள் தெலுங்கு நியோகிப் பிராமணர்கள். சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தேடிப் போனது கர்ணங்களையும் கோயில்காரர்களையும் பாளையக்காரர் குடும்பங்களையும்தான். சேரிக்குள் எத்தனை தடவை போயிருப்பார்கள்? வெள்ளைக்காரன் இவர்களைத் துணையாள் ஆக்கினான். இவர்களுக்குக் கதை சொன்னவர்கள் பலர் துணையாள் என்ற பெயர்கூட இல்லாமல் போனார்கள். மௌனம் அடுக்கடுக்காக இருக்கிறது.

வெள்ளைக்காரன் போயாச்சு, படிவம் போகவில்லை. இன்றைக்கும் தலித் குடியிருப்புகளிலும் மீனவர் குப்பங்களிலும் தினக்கூலிக்கு வினாத்தாள் நிரப்புகிற பிள்ளைகள் உண்டு. அவர்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் போகிறது. பேட்டி கொடுத்த ஊருக்கு ஒரு படிகூடத் திரும்புவதில்லை. பயன்பாட்டுச் சான்றிதழ் பணத்துக்கு மட்டும்தான் கணக்குக் கேட்கிறது. ஜனங்கள் கொடுத்த நேரத்துக்கும் நினைவுக்கும் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஆகவே, ஆய்வுத் திட்டங்களில் வேலை செய்கிற தோழர்கள் மூன்றைக் கேட்க வேண்டும். களக்குறிப்புகள் திரட்டியவர் பெயரோடு காப்பகத்தில் சேர வேண்டும். அறிக்கையின் தமிழ்ப்படி, அனுப்புவதற்கு முன்பே, சம்பந்தப்பட்ட ஊரில் வாசிக்கப்பட வேண்டும். அந்த ஊர் மறுத்துச் சொன்னதும் அறிக்கையின் பகுதியாக அச்சாக வேண்டும். இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை என்பார்கள். லட்சுமய்யாவுக்கும் கட்டம் இல்லை என்றுதான் சொன்னார்கள்.