துறையும் முறையும்: காத்திருத்தலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் அமைப்பை அறிந்தோர்க்குக் காத்திருத்தல் என்பது இப்பிரதேச வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்று விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் இவ்வாவி, கடலோரமாகிய எழுவான்கரையையும் வயலும் காடும் சூழ்ந்த படுவான்கரையையும் பிரித்து நிற்கின்றது. படுவான்கரையின் நெல்லும் தயிரும் எழுவான்கரைக்கு வரவும், எழுவான்கரையின் மீனும் தேங்காயும் அக்கரைக்குச் செல்லவும் துறையில் இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு மண்முனைத் துறையாலும் மக்கள் கடந்தனர். கடத்திச் செல்லும் மிதவைக்கு நம்மவர் இட்ட பெயர் ‘பாதை’ என்பதாகும். “பாதைக்குக் காத்து நின்றேன்” என்று நாம் கூறும்போது பிற மாவட்டத்து நண்பர்கள் பொருள் விளங்காது விழிப்பதுண்டு. பாதைக்கே காத்து நிற்க வேண்டிய மக்கள் நாம் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பதும் எளிதன்று.

இவ்வாறு காத்து நிற்பதில் முந்திச் செல்லும் உரிமை எவருக்குரியது, எதன் பொருட்டு உரியது என்பதே இக்கட்டுரை ஆராய முனையும் வினாவாகும். இவ்வினா எழுவதற்குக் காரணமாயிருந்தது வாவியன்று. கடல் கடந்த நாடுகளின் கேளிக்கைப் பூங்காக்கள். அங்கே வரிசையில் நில்லாது முந்திச் செல்லும் உரிமை இன்று விலைக்கு விற்கப்படுகின்றது. வாங்கியவர் மகிழ்கின்றாரா, வாங்காதவர் மனம் என்னாகின்றது என்பன முகாமைத்துவத் துறையினரின் ஆய்வுப் பொருளாகியுள்ளன. வரலாற்று மாணவன் இதனைச் சற்றே வேறு கோணத்தில் நோக்க வேண்டியவனாகின்றான்.

அப்பூங்காக்களின் கதையைச் சுருக்கமாகக் கூறலாம். வோல்ட் டிஸ்னி 1955ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி கலிபோர்ணியாவில் தமது பூங்காவைத் திறந்து வைத்தார். அவ்வாண்டிலேயே ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனிச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் சீட்டுப் புத்தக முறை நடைமுறைக்கு வந்தது. சிறந்த சவாரிக்குரிய சீட்டு விலை கூடியது. ஆயினும் சீட்டைக் கையில் வைத்திருந்த அனைவரும் ஒரே வரிசையிலேயே நின்றனர். 1982இல் சீட்டுப் புத்தகம் கைவிடப்பட்டு, வாயிலில் ஒரே கட்டணம் என்ற முறை நிலைபெற்றது. அதன் பின் உள்ளே செலவழிக்கப்பட்டது காசன்று, காலமே. 1999இல் ‘பாஸ்ற்பாஸ்’ என்னும் நேரச்சீட்டு அறிமுகமாயிற்று. குறித்த நேரத்தில் திரும்பி வந்தால் குறுகிய வரிசையால் உள்ளே செல்லலாம். அது எல்லோருக்கும் இலவசம். பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், அது நிறுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஒக்ரோபரில் புளோரிடாப் பூங்காக்களில் அதனிடத்தைப் பிடித்த புதிய முறைக்கு ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 15 டொலர் அறவிடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோருக்கும் கிடைத்து வந்த ஒன்றுக்கு அன்று முதல் விலை குறிக்கப்பட்டது. 2024இல் இன்னும் உயர்ந்ததொரு சீட்டு வந்தபோது கலிபோர்ணியாவில் அதன் தொடக்க விலை 400 டொலர். நமக்கு அண்மையிலும் இம்முறை வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு கொச்சியில் வீகாலாண்ட் எனத் தொடங்கிப் பின்னர் வொண்டர்லா எனப் பெயர் மாறி விரிவடைந்த இந்தியப் பூங்காக்களில், சாதாரண நுழைவுச் சீட்டுடன் ‘பாஸ்ட்ராக்’ எனும் விலை கூடிய சீட்டும் விற்கப்படுகின்றது. திருப்பதியிலோ 300 ரூபாச் சிறப்புத் தரிசன வரிசையும் இலவசத் தரிசன வரிசையும் அருகருகே செல்கின்றன. கேளிக்கையும் பக்தியும் இவ்விடத்தில் ஒரே கணக்கைப் பின்பற்றுவது வியப்புக்குரியதே.

காத்திருத்தலைக் கணிதத்தால் முதலில் அளந்தவர் கோப்பன்கேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த ஏர்லாங் என்பவர். அவரது முதற் கட்டுரை 1909இல் வெளிவந்தது. ஆனால் கணிதம் காட்டும் நிமிடமும் மனம் உணரும் நிமிடமும் ஒன்றல்ல. டேவிட் மைஸ்டர் என்பார் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வேறுபாட்டை விரித்துரைத்தார். வேலையின்றிக் கழியும் நேரம் நீண்டதாய்த் தோன்றும். எப்போது முடியும் என அறியாத காத்திருப்பு இன்னும் நீளும். நீதியற்றதெனப் படும் காத்திருப்பு நீதியானதைவிட நீளும் என்பது அவர் கருத்து. ரிச்சர்ட் லார்சன் 1987இல் இதே பொருளைச் சமூக நீதியோடு இணைத்து ஆராய்ந்தார். தனக்குப் பின் வந்தவன் தனக்கு முன் சேவை பெற்றுச் செல்வதைக் காணும் ஒருவனது அதிருப்தி, அவன் இழந்த நிமிடங்களின் அளவைப் பொறுத்தது மட்டுமன்று என்பது இவ்வாய்வுகளால் பெறப்படும். ஐந்து நிமிடந்தான் கூடியது என்று மேலாளர் கணக்குக் காட்டலாம். நின்றவன் அக்கணக்கை ஏற்பதில்லை.

இவ்விடத்தில் பாதையை மீண்டும் நினைவு கொள்வோம். மண்டூர்க் கந்தசுவாமி கோயில், சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படுவது. ஆவணி மாதத்து உற்சவ நாட்களில் குருமண்வெளித் துறையில் கூட்டம் நெருக்கும். பாதைக்கு நிற்க மனமில்லாத ஒருவர் தோணிக்காரருக்குத் தனியே காசு கொடுத்துக் கடப்பார். அதனை எவரும் பெரிதாகப் பழித்துப் பேசியதில்லை. காரணம் வெளிப்படை. தோணியில் அவர் சென்றமையால் பாதையில் நின்றவரின் இடம் குறையவில்லை; உண்மையில் ஒருவர் குறைந்தார். இனி, ஒரு பேச்சுக்காக, ஒரு தடவையில் முப்பது பேரை ஏற்றும் பாதையில் இருபது இடங்களைக் கூடுதற் காசு தருவோர்க்கென ஒதுக்குகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். அத்தகையோர் இடையறாது வந்துகொண்டிருப்பாராயின், முன்னே அறுபது பேர் நிற்க வரிசையில் சேர்ந்த ஒருவர், இரண்டு தடவை பாதை சென்று வரும்வரை நிற்க வேண்டியவர், ஆறு தடவை நிற்க வேண்டியவராவார். பூங்காவின் விரைவு வரிசை தோணி அன்று. அது பாதையிலேயே பிடுங்கப்பட்ட இடம். முந்துவோன் பெறும் நிமிடம் புதிதாய் உண்டாக்கப்பட்டதன்று, நிற்பவனிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. அவனிடம் எடுத்தபோது அவனுக்கு எவரும் விலை கொடுக்கவில்லை.

புகைவண்டியின் வகுப்புகளைக் காட்டி இதற்கு மறுப்புரைப்பார் உளர். மட்டக்களப்புக்குப் புகைவண்டி 1928இல் வந்தது; வகுப்பு வேறுபாடும் உடன் வந்தது. உண்மையே. ஆயினும் மெத்தை ஆசனத்தில் இருந்தவரும் மூன்றாம் வகுப்பின் பலகையில் நெருங்கி இருந்தவரும் மட்டக்களப்பு நிலையத்தை ஒரே வேளையிலேயே அடைந்தனர். அங்கே காசு வாங்கியது வசதியை, பிறர் முறையையன்று.

எனினும் காசைக் குறை கூறுவதற்கு முன், காசுக்கு முன்னர் இங்கே முந்துரிமையை வழங்கியது எது என்பதையும் நேர்மையாக நோக்க வேண்டும். நமது தேசத்துக்கோயில்களில் அதனை வழங்கியது பிறப்பு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம், மண்டூர், திருக்கோவில் முதலியவற்றில் தாய்வழிக் குடிகளின் அடிப்படையில் வண்ணக்கர் பதவியும் திருவிழாப் பங்கும் வகுக்கப்பட்டிருந்தன. மட்டக்களப்பு மான்மியம், 1962இல் எப். எக்ஸ். சி. நடராசாவால் பதிப்பிக்கப்பெற்ற அந்நூல், இத்தகைய உரிமைகளும் வரிசைகளும் எத்துணை நுணுக்கமாகப் பேணப்பட்டன என்பதற்குச் சான்றாகும். பூசை முடிவில் யார் பெயர் முதலிற் கூறப்படுகின்றது, யாருக்குக் காளாஞ்சி முதலில் வழங்கப்படுகின்றது என்பவை சில நொடிகளில் முடியும் காரியங்கள். அச்சில நொடிகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பூசல்கள் நிகழ்ந்துள்ளன. நேரம் இங்கே பொருட்டன்று. முன்னே நிற்பதே பொருள். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கோ வரிசையில் கடைசி இடம்கூட இருக்கவில்லை, அவர் நின்றது வெளியில். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் தான் நிறைவேறியது. சட்டம் வந்த பின்னும் வாயில்கள் உடனே திறந்துவிடவில்லை.

இவற்றோடு ஒப்பிடுமிடத்து, காசு கொடுக்கும் எவரையும் குலம் கேளாது முன்னே விடும் பூங்கா முற்போக்கானது எனத் தோன்றலாம். என் வகுப்பு நண்பர் ஒருவர் இவ்வாறே வாதிட்டார். அவர் வாதத்தில் வலுவுண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் பிறப்பா, காசா என்று இரண்டையே முன்வைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. மூன்றாவது முறையொன்றை இந்நாடு கண்டிருக்கின்றது.

யுத்த காலத்தில், 1942இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் புத்தகம் தலைக்கு இவ்வளவு என்று எழுதியது. குடியையோ காணியையோ கேட்கவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ற் 12ஆந் திகதி நாடு தழுவிய கர்த்தால் நிகழ்ந்ததை அறிவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் பங்கீடு குறுகியது; பாணுக்காக விடியுமுன்னே வரிசை நின்றது. சங்கக்கடை வரிசையிலும் முறைகேடு நிகழாமலில்லை, மனேச்சரின் உறவினர்க்குப் பின்கதவு திறந்த கதைகளைப் பெரியோர் இன்றும் சொல்வர். ஆனால் அதைச் சொல்லும்போது அவர்கள் அதனைக் களவு என்றே சொல்வர். பின்கதவுக்கு எவரும் விலைப்பட்டியல் எழுதி ஒட்டவில்லை. 1979இல் பங்கீட்டினிடத்தில் உணவு முத்திரை வந்தது.

பின்னர் வந்த போர்க்காலத்துக் காத்திருத்தல் வேறு வகையினது. 2007 வரை படுவான்கரையும் எழுவான்கரையும் வெவ்வேறு அதிகாரங்களின் கீழ்க் கிடந்தன. துறையிலும் சோதனைச் சாவடியிலும் நின்றவர்க்கு எவ்வளவு நேரம் என்பது மட்டுமன்று, கடக்க விடுவார்களா என்பதும் தெரியாது. மைஸ்டரின் ஆய்வில் அதற்கு இடமில்லை. அவர் எழுதியது உணவகங்களையும் அலுவலகங்களையும் மனங்கொண்டு.

நமது தலைமுறையினர்க்குச் சொந்தமான வரிசை 2022ஆம் ஆண்டினது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. எரிபொருள் நிலையங்களின் முன் வாகனங்கள் நாட்கணக்கில் நின்றன. நாட்டின் பல பாகங்களிலும் வரிசையில் நின்றவாறே சிலர் உயிர்நீத்தனர். யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்றாயிற்று. வைத்தியரும் தாதியரும் முன்னே சென்றபோது முணுமுணுப்பு எழுந்தது, ஆயினும் பெரும்பாலானோர் வழிவிட்டனர். காரணத்தை அவர்கள் அறிந்திருந்தனர். போத்தலில் அடைத்துப் பன்மடங்கு விலைக்கு விற்றவனிடம் வாங்கிச் சென்றவரைப் பார்த்த பார்வை வேறு. வாங்கியவர் பலர் வேறு வழியற்றவர் என்பது தெரிந்திருந்தும் அப்பார்வை மாறவில்லை. யூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அளவு போதாதென்று குறை கூறாதார் இல்லை. ஆனால் வரிசை குறுகியது, வரிசையில் நின்றோரின் கோபம் அதனிலும் விரைவாகத் தணிந்தது. கையில் உள்ளது குறைவாயினும், பக்கத்தில் நிற்பவனுக்கும் அதே அளவே என்பது தெரிந்திருந்தது. 2023 செப்ரெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது.

திருப்தி என்பதைப் பூங்கா நிறுவனங்கள் வினாக்கொத்து வழியே அளக்கின்றன. விரைவுச் சீட்டு வாங்கியவரின் திருப்தி நிற்பவரின் நீண்ட வரிசையைப் பொறுத்தது என்பது அவ்வினாக்கொத்துகளில் எளிதில் அகப்படாத செய்தி. பக்கத்து வரிசை குறுகியதாயின் அவர் கொடுத்த காசு வீண். ஆகவே வரிசை நீளமாக இருப்பதிலேயே சீட்டு விற்பவரின் நன்மை தங்கியிருக்கின்றது. புதிய சவாரி ஒன்றை அமைத்து எல்லோருடைய நேரத்தையும் குறைப்பதை விட, இருக்கும் காத்திருப்பை விற்பது மலிவானது.

கல்லடியில் 1924ஆம் ஆண்டு மன்னிங் சீமாட்டியின் பெயரால் இரும்புப் பாலம் திறக்கப்பட்டபோது அத்துறையில் முந்துதலும் பிந்துதலும் இல்லாமற் போயின. மண்முனையில் அதற்கு மேலும் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. யப்பானிய உதவியுடன் அமைந்த பாலம் 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதன் பின்னரும் குருமண்வெளியிலும் குருக்கள்மடத்திலும் பாதைகள் ஓடின. அங்கே உற்சவ நாளொன்றில், கூட்டம் துறைமுகப்பை அடைத்து நின்ற வேளையில், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு தாயொருத்தி வந்ததை நான் கண்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. வரிசை தானாகவே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பாதைக்காரர் அவளை முதலில் ஏற்றி, எல்லோரிடமும் வாங்கிய அதே காசை அவளிடமும் வாங்கினார்.