120 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கடிதங்கள்... பொருளாதாரச் சிந்தனை வரலாற்றுக்கு ஃபெலோஷிப் எதற்கு?

1943-ம் ஆண்டு. அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அருகே ரஹேனி என்ற ஊர். அங்கே ஒரு வீட்டில் பூட்டிக் கிடந்த உலோகப் பெட்டிக்குள், பொருளாதார மேதை டேவிட் ரிக்கார்டோ தன் நண்பர் ஜேம்ஸ் மில்லுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. ரிக்கார்டோ இறந்ததோ 1823-ல்!

அவருடைய எழுத்துகளைத் தொகுக்கும் வேலையை 1930-லேயே ஏற்றிருந்தார் கேம்பிரிட்ஜ் அறிஞர் பியரோ ஸ்ராஃபா. பல தொகுதிகளை அச்சுக்கும் தயார் செய்துவிட்டார். பெட்டி திறந்ததும் பாதி வேலையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. முதல் தொகுதி வந்தது 1951-ல். அகரவரிசைக் குறிப்புகள் அடங்கிய 11-வது தொகுதி வந்தது 1973-ல்.

ஸ்ராஃபாவுக்கு கேம்பிரிட்ஜ் இடம் கொடுத்தது. இன்றைக்கு இதே மாதிரி வேலையைத் தொடங்க நினைக்கிற ஒருவருக்கு யார் இடம் கொடுப்பார்கள்? அங்கேதான் வருகை ஆய்வு ஃபெலோஷிப் வருகிறது.

அப்படின்னா என்ன?

வேறொரு கல்லூரியில் வேலை பார்க்கிறவரையோ, இப்போதுதான் முனைவர் பட்டம் முடித்தவரையோ ஓர் ஆய்வு மையம் சில மாதங்களுக்கு விருந்தாளியாக அழைத்துக்கொள்ளும். உட்கார ஒரு மேசை, நூலக அனுமதி, செலவுக்கு உதவித்தொகை. பெரும்பாலும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதிலுக்கு, கொண்டுவந்த ஆய்வை முன்னேற்றி, மையத்தின் கருத்தரங்கில் அதை வாசிக்க வேண்டும். கேள்விகள் சும்மா விடாது. பலருக்கு உதவித்தொகையை விட அந்தக் கேள்விகள்தான் பெரிய லாபம்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் இடம், அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாகாணத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகம். பொருளாதாரச் சிந்தனை வரலாற்றுக்கென்றே 1969-ல் அங்கே ஓர் ஆய்விதழ் தொடங்கியது. 2008-ல் தனி மையமே வந்தது. ஹாயெக் எழுத்துகளின் பதிப்பாசிரியரான புரூஸ் கால்டுவெல் அதன் முதல் இயக்குநர். ஒரு செமஸ்டர் அல்லது ஒரு கல்வியாண்டு தங்கி ஆய்வு செய்ய வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

ஏன் டியூக்? காகிதங்கள் அங்கே இருப்பதால். பால் சாமுவேல்சன், கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ, பிராங்கோ மோடிக்லியானி என நோபல் பரிசு பெற்ற பலரின் கடிதங்களும் குறிப்பேடுகளும் டியூக்கின் ரூபன்ஸ்டைன் நூலகத்தில் உள்ளன. இதில் ஒரு வேடிக்கை: சாமுவேல்சன் வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தியது எம்.ஐ.டி.யில். காகிதங்கள் போனது டியூக்குக்கு!

எல்லாம் இணையத்தில் இல்லையா?

இல்லை. அச்சான நூல்களை வீட்டில் இருந்தே படிக்கலாம். ஆனால் ஒரு கருத்து எப்படித் தோன்றியது, யார் அதை எதிர்த்தார்கள், எந்த வரியை எழுதியவரே அடித்துத் திருத்தினார் என்பதெல்லாம் வரைவிலும் கடிதத்திலும்தான் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி இன்னும் ஸ்கேன் ஆகவில்லை.

கார்ல் மெங்கர் கதையைப் பாருங்கள். ஒரு பொருளின் மதிப்பு அதைச் செய்யப் போன உழைப்பில் இல்லை, வாங்குகிறவருக்கு அது எவ்வளவு தேவை என்பதில் இருக்கிறது என்று 1871-ல் நூல் எழுதியவர். வாழ்ந்தது வியன்னாவில். 1921-ல் அவர் இறந்த பிறகு அவருடைய நூலகம் ஜப்பானுக்கு விற்கப்பட்டது. ஓரங்களில் அவரே குறிப்பு எழுதிய புத்தகங்கள் இன்று டோக்கியோவின் ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகத்தில். குறிப்பேடுகளோ டியூக்கில். வியன்னாக்காரரைப் படிக்க ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் டிக்கெட் போடணும். ஒரு கல்லூரி ஆசிரியரின் சம்பளத்தில் இது நடக்கிற காரியமா?

பொருளாதாரத் துறைகளே செய்யலாமே?

செய்யலாம். ஆனால் பெரும்பாலும் செய்வதில்லை. பொருளாதாரம் கணிதப் பக்கம் நகர நகர, பழைய சிந்தனையாளர்களைப் படிப்பது தேவையில்லாத வேலை என்ற எண்ணம் வளர்ந்தது. பல பெரிய பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்பின் கட்டாயப் பாடப் பட்டியலில் இருந்தே இது போய்விட்டது.

2007-ல் ஆஸ்திரேலியாவின் புள்ளியியல் துறை ஒரு படி மேலே போய், ஆய்வுத் துறைகளின் வகைப்பாட்டில் இந்தப் பாடத்தைப் பொருளாதாரத்தின் கீழிருந்து எடுத்து, வரலாறு, தொல்லியல், மதம், தத்துவம் அடங்கிய பிரிவில் போட முன்மொழிந்தது. பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் இந்தப் பாடத்தில் எழுதுவது பொருளாதார ஆய்வாகவே கணக்கில் வராது என்றால், எந்தப் பொருளாதாரத் துறை அதற்கு ஆள் எடுக்கும்? உலகம் முழுவதும் இருந்து எதிர்ப்பு கிளம்பி, முன்மொழிவு கைவிடப்பட்டது.

அதனால் இத்துறையில் இருப்பவர்கள் பலர், தங்கள் கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு ஒற்றை ஆள். எழுதியதைக் காட்டப் பக்கத்து அறையில் யாரும் கிடையாது. ஃபெலோஷிப் அந்தத் துணையைச் சில மாதங்களுக்காவது தருகிறது.

இந்தியா தொடர்பான தலைப்புகள் உண்டா?

நிறைய. ரிக்கார்டோவின் கடிதங்களைப் பெற்ற ஜேம்ஸ் மில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. கீன்ஸ் முதல் வேலை பார்த்தது லண்டனின் இந்தியா அலுவலகத்தில். 1913-ல் வந்த அவரது முதல் நூலே இந்திய நாணயம் பற்றியதுதான். அவருடைய காகிதங்கள் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும், இந்தியா அலுவலகக் கோப்புகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன.

தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி.குமரப்பாவையும் சொல்லலாம். காந்தியப் பொருளாதாரத்தின் முக்கியக் குரலான அவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மேனிடம் படித்தவர். செலிக்மேனின் காகிதங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

விண்ணப்பிக்கும் முன்...

"கீன்ஸ் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன்" என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது. எந்தக் கேள்வி, அதற்கு எந்த ஆவணங்கள், குறிப்பிட்ட மாதங்களில் எத்தனை அத்தியாயம் முடியும் என்று சொல்ல வேண்டும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பல ஆவணக் காப்பகங்கள் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. அதைப் பார்த்துப் பெட்டி எண்ணோடு எழுதுகிறவரின் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் விஷயம். கடிதத்தாள் நூலகத்துடையது என்றாலும், அதன் காப்புரிமை பொதுவாக எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். நீளமாக மேற்கோள் காட்ட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம். பரிந்துரைக் கடிதங்கள், மாணவர் மதிப்பீடுகள் போன்றவை சில தொகுப்புகளில் பல ஆண்டுகள் மூடியே வைக்கப்படும்.

வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில் மட்டும்தான். பல பெட்டிகள் ஊருக்கு வெளியே கிடங்கில் இருக்கும். விமானம் ஏறும் முன்பே எந்தப் பெட்டி வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டால், முதல் வாரம் காத்திருப்பதில் போகாது.