படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒரே பெட்டி: அசெம்பிள்டு கணினியின் வரலாறு

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 5150 என்ற தனிநபர் கணினி, அந்நிறுவனத்தின் வழக்கத்துக்கு முற்றிலும் மாறாக, வெளியாரிடம் வாங்கிய பாகங்களால் ஆனது. ஃபுளோரிடா மாநிலத்தின் போகா ரேட்டன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய குழுவுக்கு ஏறத்தாழ ஓராண்டுக் கால அவகாசமே இருந்ததால், செயலியை இன்டெலிடமும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமும் பெற்று, கூடுதல் அட்டைகளைச் செருகுவதற்கு ஐந்து ஸ்லாட்டுகள் கொண்ட ஒரு மதர்போர்டில் அனைத்தையும் இணைத்து, அதன் மின்சுற்று வரைபடங்களைக்கூடக் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். குறைந்த பணத்தில் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கணினி சேர்க்கும் கலை முழுவதும் இந்த அவசரத்திலிருந்து பிறந்தது என்று சொல்வது மிகையாகாது.

ஐ.பி.எம். தன் கையில் வைத்திருந்த பூட்டு ஒன்றே ஒன்று: கணினியை இயக்கியதும் வன்பொருளை எழுப்பி இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் பயாஸ் என்ற சிறு நிரலுக்கு இருந்த பதிப்புரிமை. காம்பாக் நிறுவனம் ஒரு குழுவை அந்த நிரல் என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிவைக்கச் செய்து, மூல நிரலைக் கண்ணால் பார்த்திராத மற்றொரு குழுவைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் புதிய நிரலை எழுதி அந்தப் பூட்டைச் சட்டப்படியே திறந்தது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய பயாஸை விலை கொடுக்கும் எவருக்கும் தரத் தொடங்கியதும், ஐ.பி.எம். கணினிக்கு ஒத்த மதர்போர்டைச் செய்வது தைவானின் சிறு ஆலைகளுக்கும் எட்டும் தொழிலாயிற்று. எம்.எஸ்.ஐ., கிகாபைட் ஆகியவை 1986இலும் ஏசஸ் 1989இலும் தோன்றின. 1987இல் பி.எஸ்./2 என்ற புதிய வரிசையைக் கொண்டு கதவை மீண்டும் சாத்த ஐ.பி.எம். முயன்றபோது சந்தை அதன் பின்னால் செல்லவில்லை. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, மதர்போர்டின் திருகாணித் துளைகள் எங்கே இருக்க வேண்டும், மின்இணைப்பு எந்த வடிவில் வர வேண்டும் என்பவற்றை வரையறுத்ததால், ஒரு நாட்டில் செய்த கேபினட்டும் வேறொரு நாட்டில் செய்த போர்டும் எந்தச் சந்தையில் சந்தித்தாலும் பொருந்தின.

அத்தகைய சந்தைகளில் ஒன்றுதான் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. அங்கே பாகங்கள் எளிதில் வந்துசேரக் காலம் பிடித்தது: ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியிருந்தது. 1984ஆம் ஆண்டின் கணினிக் கொள்கை இறக்குமதியை ஓரளவு தளர்த்தியது. 1997இல் இந்தியா உலகத் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்த பின்னர்ப் பாகங்களின் மீதான சுங்க வரி படிப்படியாகக் குறைந்தது. ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் கணினிக்கு முன்பே வானொலி, தொலைக்காட்சி, ஆம்ப்ளிஃபையர் உதிரிப் பாகங்களின் வணிகம் வேரூன்றியிருந்ததால், பாகத்தைத் தனியே வாங்கி வீட்டில் பூட்டும் பழக்கம் அங்கே புதிதாகக் கற்றுத்தர வேண்டியதாக இருக்கவில்லை. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை ஆகியவற்றிலும் இதே வணிகம் தழைத்தது.

இச்சந்தைகளின் மைய ஆவணம் கொட்டேஷன் எனப்படும் விலைப்பட்டியலே. செயலி, மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ். உள்ளடங்கிய கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யு.பி.எஸ். என்று வரிசையாக எழுதிக் கீழே கூட்டுத்தொகை போடப்பட்ட அத்தாளை இரண்டு மூன்று கடைகளில் வாங்கி ஒப்பிட்டே குடும்பங்கள் முடிவெடுத்தன. பிராண்டட் கணினிக்கும் அசெம்பிள்டு கணினிக்கும் இருந்த விலை வேறுபாட்டில் ஒரு பகுதி, பில் போடாத விற்பனையாலும் உரிமம் பெறாத விண்டோஸாலும் வந்தது என்பதையும் மறைக்காமல் பதிவுசெய்ய வேண்டும். பொறியியல் கல்லூரிகள் பெருகிய தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கணினி வாங்கப் படிப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. பிள்ளையின் மனத்தில் விளையாட்டும் இருந்தது. ஒரே தொகையில் இரண்டையும் நிறைவேற்ற வேண்டிய இந்த நெருக்கடிதான் எந்தப் பாகத்தில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக்கூடாது என்ற அறிவை வளர்த்தது.

இவ்விரு தேவைகளும் வெவ்வேறு வன்பொருளைக் கோருகின்றன என்பதை முதலில் கூர்மையாக உணர்த்தியது 1996ஆம் ஆண்டு. சைரிக்ஸ் நிறுவனத்தின் 6எக்ஸ்86 செயலி, 133 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும் இன்டெலின் 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு ஈடானது என்ற பொருளில் பி166+ என்று பெயரிடப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்பனையானது. ஆவணம் தட்டச்சிடுவதிலும் கணக்குத் தாள் போடுவதிலும் அந்த உரிமைகோரல் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் என்ற விளையாட்டு, முப்பரிமாணக் காட்சியை வரைவதற்குத் தசமப் புள்ளி எண்களைக் கையாளும் மிதவைப் புள்ளி அலகைப் பெரிதும் நம்பியிருந்தது. பென்டியத்தில் அந்த அலகு ஒரு வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும் வேளையிலேயே முழு எண் வேலைகள் மறுபக்கம் நடந்துகொண்டிருக்கும்படி நிரலை நுணுக்கமாக அமைத்திருந்தார்கள். சைரிக்ஸின் மிதவைப் புள்ளி அலகோ வேகம் குறைந்தது. பள்ளிக்கு ஏற்றதென்று நியாயமாக வாங்கிய கணினி, அதே மாலையில் விளையாட்டில் தடுமாறியது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விலை குறைந்த செயலியே விளையாட்டுக்கும் சிறந்ததாகும் அரிய சூழல் வாய்த்தது. 1998 ஆகஸ்டில் வந்த இன்டெலின் செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை, அதாவது செயலிக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான தடத்தின் வேகத்தை, 4.5ஆல் பெருக்கி 300இல் ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது. 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட போர்டில் அந்தத் தடத்தை 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால், அதே பெருக்கம் 450 மெகாஹெர்ட்ஸைத் தந்தது. செயலியின் உள்ளேயே முழு வேகத்தில் ஓடிய 128 கிலோபைட் கேஷ் நினைவகம் இருந்ததால், பன்மடங்கு விலையுள்ள பென்டியம் 2 செயலியோடு அது போட்டியிட்டது. அந்த அமைப்பை மாற்ற இடம் தராத போர்டுகளில், செயலி அட்டையின் பி21 என்ற தொடுமுனை மீது மெல்லிய டேப் துண்டை ஒட்டிப் போர்டை 100 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று நம்பவைக்கும் முறையும் பரவியிருந்தது. சில மில்லிமீட்டர் டேப்பால் ஒரு மாணவனின் கணினிக்கு ஆயுள் கூடியது. சிக்கனக் கணினியின் வரலாற்றில் இதைவிட மகிழ்ச்சியான பக்கம் வேறில்லை.

இதற்கு நேர்மாறானது இன்டெல் 1999இல் கொண்டுவந்த 810 சிப்செட். திரைக்காட்சியை வரையும் வேலையை மதர்போர்டிலேயே சேர்த்துக்கொண்டு கொட்டேஷனில் ஒரு வரியை நீக்கிய அதில், கிராஃபிக்ஸ் அட்டைக்கென்றே அமைந்த ஏ.ஜி.பி. ஸ்லாட் இல்லை. அன்றைய தொகையில் மிச்சம் பிடித்தவர்கள் பின்னாளில் பணம் சேர்ந்தபோதும் அந்தக் கணினியை விளையாட்டுக்கு ஏற்றதாக மாற்ற எளிய வழியின்றி நின்றார்கள். அடுத்த ஆண்டின் 815 சிப்செட் ஸ்லாட்டைத் திருப்பித் தந்தது. போர்டில் இன்று பயன்படாத ஸ்லாட்டுக்கும் நாளைக்காகப் பணம் கொடுக்கலாம் என்ற பாடம் இந்தத் தலைமுறை வாங்குபவர்களிடம் உறுதிப்பட்டது.

மறைவான சிக்கனம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் நடந்தது. மாறுமின்னோட்டத்தைப் பாகங்களுக்குரிய குறைந்த அழுத்த நேர்மின்னோட்டமாக மாற்றும் இக்கருவி கேபினட்டோடு சேர்த்தே விற்கப்பட்டதால், அதற்கெனத் தனி வரி பட்டியலில் இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணை உள்ளிருக்கும் பொருள் தாங்காத நிலை சாதாரணமாகக் காணப்பட்டது. படிப்புக்கு வாங்கிய கணினியில் இக்குறை வெளித்தெரியாது. கிராஃபிக்ஸ் அட்டை செருகியபின் தெரிந்தது. 2016 அக்டோபரில் என்விடியா வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. அட்டை இவ்வகையில் பெரும் வரவேற்பைப் பெற்றது, ஏனெனில் அதற்குத் தேவையான 75 வாட் மின்சாரம் ஸ்லாட் வழியாகவே கிடைத்துவிட, தனி மின்கம்பி இல்லாத பழைய கணினியிலும் அது இயங்கியது. 2017 ஜனவரியில் வந்த பென்டியம் ஜி4560, இரண்டு கோர்களை நான்கு இழைகளாக இயக்கும் வசதியோடு 64 டாலர் பட்டியல் விலையில் அந்த அட்டைக்கு ஏற்ற ஜோடியாயிற்று.

2018 பிப்ரவரியில் ஏ.எம்.டி. 99 டாலருக்கு வெளியிட்ட ரைசன் 3 2200ஜி, நான்கு கோர்களையும் வேகா 8 கிராஃபிக்ஸையும் ஒரே சில்லில் அடக்கியது. அதன் கிராஃபிக்ஸ் பகுதி தனக்கென நினைவகம் இல்லாமல் ராமையே பகிர்ந்துகொண்டதால், ஒரு 8 ஜி.பி. துண்டுக்குப் பதிலாக இரண்டு 4 ஜி.பி. துண்டுகளைப் பூட்டினால் தடத்தின் அகலம் 64 பிட்டிலிருந்து 128 பிட்டாகி விளையாட்டின் ஓட்டம் தெளிவாகவே மேம்பட்டது. தட்டச்சிடுபவருக்கு அந்த வேறுபாடு புலப்படாது. கொட்டேஷனில் ராமின் அளவோடு எத்தனை துண்டுகள் என்றும் கேட்கும் வழக்கம் இதனால் வலுத்தது. எத்திரியம் மின்பணத்தை ஈட்டக் கிராஃபிக்ஸ் அட்டைகள் மொத்தமாக வாங்கப்பட்டு விலை கட்டுக்கடங்காமல் ஏறிய 2021ஆம் ஆண்டில், தனி அட்டை இல்லாமலே ஓடும் இத்தகைய செயலிகள்தாம் ஊரடங்குக் கால இணைய வகுப்புகளையும் மாலை விளையாட்டையும் சேர்ந்தே சுமந்தன. 2022 செப்டம்பரில் எத்திரியம் அட்டைகளால் மின்பணம் ஈட்டும் ‘சுரங்க’ முறையைக் கைவிட்டபின் சுரங்கக் கூடங்களின் அட்டைகள் பழைய பொருள் சந்தையில் இறங்கத் தொடங்கவே, விலையைக் கேட்பதற்கு முன் விசிறியின் ஆட்டத்தையும், சீரியல் எண்ணைக் கொண்டு மீதமுள்ள வாரண்டியையும் சோதிப்பது பாகம் தேர்பவரின் அடுத்த பயிற்சியாயிற்று.